பச்சைச் சளி வந்தாலே சைனஸ் தொற்றா? வாசகர் கேள்விகளுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. வந்திருப்பது சாதாரண ஜலதோஷமா, சைனஸ் தொற்றா? (சைனஸ் என்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்று அறை.) ஒன்றுபோல இருந்த கடிதங்களைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை. கேள்விகள் வாசகர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. ஜலதோஷம் பிடித்து இன்று ஐந்தாம் நாள். முதல் இரண்டு நாள் தண்ணீராக ஒழுகியது, பிறகு மஞ்சளானது, இன்று காலை பச்சையாகவே வந்தது. கன்னம் கனக்கிறது, குனிந்தால் தலைபாரம் தாங்கவில்லை. 'பச்சையா வந்தா சைனஸ்ல சீழ் பிடிச்சிருச்சுன்னு அர்த்தம்' என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். போன தடவை வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை நாலைந்து மீதி இருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?

அந்த மாத்திரையைத் தொடாதீர்கள், டீச்சர். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பச்சை நிறத்துக்குப் பயந்து, தேவையே இல்லாமல் ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டு வருகிறவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

சளிக்குப் பச்சை நிறம் கொடுப்பவை நம் சொந்த வெள்ளணுக்கள். வைரஸ் மூக்கின் உட்சவ்வில் இறங்கியதும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக அங்கே வந்து சேரும். அவற்றுக்குள் மயலோபெராக்சிடேஸ் என்றொரு நொதி உண்டு. இரும்பு கலந்த அந்த நொதிக்கு இயல்பிலேயே பச்சை நிறம். வெள்ளணுக்கள் வேலை முடிந்து சிதையும்போது அந்த நிறம் சளியில் கலந்துவிடுகிறது. வைரஸால் வரும் ஜலதோஷத்திலும் இப்படி நடக்கும், பாக்டீரியா தொற்றிலும் நடக்கும். இரவு முழுக்க உள்ளே தேங்கிய சளி காலையில் கெட்டியாக, நிறம் கூடி வரும். பகலில் பாருங்கள், அதுவே வெளுத்திருக்கும்.

கன்னம் கனப்பதை வைத்தும் ஒரு முடிவுக்கு வர முடியாது. ஜலதோஷம் மூக்கோடு நின்றுவிடுவதில்லை. மூக்கின் உட்சவ்வுதான் அப்படியே நீண்டு போய் சைனஸ்களின் உட்சுவரையும் மூடியிருக்கிறது, அதனால் அங்கேயும் வீக்கம் வரும். 1994-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பெரியவர்களுக்கு ஆரம்ப நாட்களிலேயே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 27 பேருக்குக் கன்ன எலும்புச் சைனஸில் மாறுதல்கள் தெரிந்தன. ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் போல விட்டு 14 பேருக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, 11 பேருக்கு அது தானாகவே மறைந்தோ வெகுவாகக் குறைந்தோ இருந்தது. உங்கள் கன்னத்தில் இருக்கும் கனமும் பெரும்பாலும் இந்த வகைதான்.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? என் எதிரில் வந்து உட்காருகிறவரிடம் நான் முதலில் கேட்பது தேதியை. 'எந்தக் கிழமை ஆரம்பித்தது? எந்த நாள் ரொம்ப மோசமாக இருந்தது? நேற்றைக்கு இன்று எப்படி?' இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜலதோஷத்துக்கென்று ஒரு நடை இருக்கிறது. தொண்டைக் கரகரப்பும் தும்மலுமாகத் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். காய்ச்சல் வந்தாலும் லேசாக, முதல் ஓரிரு நாளோடு போய்விடும். ஐந்தாறு நாளில் இறங்க ஆரம்பித்து, ஏழு முதல் பத்து நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

பாக்டீரியா சைனஸ் தொற்று இந்த நடையைக் குலைக்கும். பத்து நாளாகியும் கொஞ்சம்கூட இறங்காமல் அப்படியே நிற்கலாம். சிலருக்கு நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது ஐந்தாறு நாள் கழித்துத் திடீரென்று புதுக் காய்ச்சல், தலைவலி, அதிகமான சளி என்று மறுபடி ஏறும். அபூர்வமாகச் சிலருக்கு ஆரம்பத்திலிருந்தே கடுமையாக இருக்கும்: 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கூடவே சீழ் போன்ற சளியோ முகவலியோ, அதுவும் மூன்று நான்கு நாள் விடாமல். இந்த மூன்று போக்கில் ஒன்று தெரிந்தால்தான் பாக்டீரியாவைச் சந்தேகிப்போம். பெரியவர்களுக்கு வரும் ஜலதோஷங்களில் நூற்றுக்கு இரண்டு கூட அந்த நிலைக்குப் போவதில்லை.

நீங்கள் ஐந்தாம் நாளில் இருக்கிறீர்கள், காய்ச்சலைப் பற்றி எழுதவில்லை. இன்றிலிருந்து ஒரு தாளில் தினம் ஒரு வரி எழுதுங்கள்: அடைப்பு, வலி, காய்ச்சல், நேற்றைவிடக் கூடவா குறைவா. வலிக்கு, ஒத்துக்கொள்ளும் என்றால், பாராசிட்டமால் போதும். உப்புநீரால் மூக்கைக் கழுவலாம் (எப்படி என்பது கீழே இன்னொரு பதிலில் இருக்கிறது). தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள். மீதி மாத்திரைகளைப் பற்றி: ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கையும் தோல் தடிப்பையும் மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். நாலைந்து மாத்திரை என்பது எந்தத் தொற்றுக்கும் முழு அளவும் இல்லை. மருந்து அலமாரியில் மீந்துபோன ஆன்டிபயாடிக் கிடப்பதே எனக்குப் பிடிக்காத விஷயம். வீட்டில் வேறு யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அப்புறப்படுத்திவிடுங்கள்.

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு நாளாகிறது. காய்ச்சல், அடைப்பு எல்லாம் போய்விட்டது. ஆனால் இருமலும் தொண்டையில் சளி இறங்குவதும் விடவில்லை. பத்து நாள் தாண்டினால் சைனஸ் தொற்று என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், தம்பி. பத்து நாள் என்ற கணக்கு, பத்து நாளாகியும் *குறையவே இல்லை* என்பவர்களுக்கு. உங்களுக்குப் பெரும்பகுதி குறைந்துவிட்டது. ஜலதோஷத்தின் இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் வரை இழுப்பது சகஜம். நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று வாரத்தையும் தாண்டினால், மூச்சு வாங்கினால், சளியில் ரத்தம் தெரிந்தால் நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: ஆறாம் நாள் நன்றாகிவிட்டது என்று வேலைக்குப் போனேன். எட்டாம் நாள் ராத்திரி குளிர் காய்ச்சல். இடது கன்னமும் மேல் வரிசைப் பற்களும் விண் விண் என்று தெறிக்கின்றன. மறுபடி ஜலதோஷம் ஒட்டிக்கொண்டதா?

நான் மேலே சொன்ன 'இறங்கி மறுபடி ஏறுவது' இதுதான். இன்னொரு ஜலதோஷமாக இருந்தால் மறுபடி தும்மல், தொண்டைக் கரகரப்பு என்று முதலிலிருந்து தொடங்கியிருக்கும். ஒரு பக்கக் கன்னத்தில் வலி, அதே பக்க மேல்பற்களில் வலி, புதிதாகக் காய்ச்சல் என்றால் கன்னச் சைனஸில் பாக்டீரியா பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

ஏன் அந்த இடம் என்று சொல்கிறேன். நமக்கு நான்கு ஜோடி சைனஸ்கள் உண்டு: கன்னத்தில், இரு கண்களுக்கு நடுவில், நெற்றியில், மூக்குக்கு வெகு பின்னால் மண்டையோட்டின் அடியில். இவற்றில் கன்னச் சைனஸின் அமைப்பு விசித்திரமானது. வடிகால் துளை தரையில் இல்லாமல் கூரைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட ஓர் அறை அது. நாம் நிமிர்ந்து நிற்கும்போது அங்கே ஊறும் சளி தானாக வடிய முடியாது. உட்சவ்வில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள், நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து அசைந்து, அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போய்த் துளை வழியாக மூக்குக்குள் விடுகின்றன. ஜலதோஷ வைரஸ் அந்த மயிரிழைகளை முடக்குகிறது, துளையைச் சுற்றி வீக்கத்தையும் உண்டாக்குகிறது. சளி தேங்குகிறது. மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குப் பெருக இடம் கிடைத்துவிடுகிறது. ஜலதோஷம் முதலில், பாக்டீரியா பிறகு என்ற வரிசை அமைவதும் முதல் வாரம் கழித்து மறுபடி ஏறுவதும் இதனால்தான்.

மருத்துவர் பார்த்துவிட்டு, காய்ச்சல் லேசாக இருந்தால் 'இன்னும் சில நாள் கவனிப்போம்' என்று சொல்லலாம். பாக்டீரியா தொற்றும்கூடப் பலருக்குத் தானாகவே ஆறும், அதனால் அது தவறான யோசனை இல்லை. ஆன்டிபயாடிக் எழுதினால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் இருக்கும். சொன்ன நாள் வரை நேரம் தவறாமல் சாப்பிடுங்கள். மூன்று நாளில் துளியும் மாற்றம் இல்லையென்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். நீங்களாகவே வேறு மருந்துக்கு மாறாதீர்கள்.

கேள்வி: எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே சைனஸ் தலைவலி. மாதம் நாலைந்து தடவை நெற்றியும் கண்ணுக்குப் பின்னாலும் இடிக்கும், மூக்கடைக்கும், கண்ணில் நீர் வரும். வெளிச்சம் ஆகாது, சில சமயம் வாந்தி வரும். இருட்டு அறையில் படுத்தால்தான் ஆகும். எத்தனையோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டேன். போன மாதம் எடுத்த ஸ்கேனில் 'சைனஸ்கள் சுத்தமாக இருக்கின்றன' என்று வந்திருக்கிறது. வலி பொய்யா டாக்டர்?

உங்கள் வலி நூற்றுக்கு நூறு உண்மை, அம்மா. அதற்கு வைக்கப்பட்ட பெயர்தான் சரியில்லை. நீங்கள் எழுதியிருப்பது மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி போலவே இருக்கிறது.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பியவர்களும், மருத்துவர்களாலேயே அப்படிச் சொல்லப்பட்டவர்களுமாக ஏறக்குறைய மூவாயிரம் பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. அவர்களில் 88 சதவீதம் பேரின் தலைவலி மைக்ரேன் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. இந்தக் குழப்பத்துக்கு உடலமைப்பிலேயே காரணம் இருக்கிறது. முகத்துக்கும் சைனஸ்களுக்கும் மூளை உறைக்கும் உணர்ச்சி நரம்பு ஒன்றே: ட்ரைஜெமினல். மைக்ரேனில் அந்த நரம்பு தூண்டப்படும்போது வலி நெற்றியிலும் கன்னத்திலும் தெரிகிறது. அதோடு இணைந்த இன்னொரு நரம்பு வழி மூக்கை அடைக்கிறது, கண்ணில் நீர் வரவழைக்கிறது. மூக்கடைத்து, நெற்றி வலித்தால் யாருக்கும் சைனஸ் ஞாபகம்தான் வரும்.

நான் மூன்று கேள்வி கேட்பேன். வலியின்போது குமட்டுகிறதா? வெளிச்சம் தொந்தரவு செய்கிறதா? கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது வலியால் வேலையை நிறுத்த வேண்டி வந்ததா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றாலே மைக்ரேனைத் தேட வேண்டும். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. சைனஸ் தொற்றில் கெட்டிச் சளி, வாசனை குறைதல், காய்ச்சல் இவற்றில் ஏதாவது கூடவே இருக்கும். சில மணி நேரத்தில் வந்து, ஓரிரு நாளில் முழுதாகப் போய், மாதம் நாலு தடவை திரும்பி வருகிற பாக்டீரியா தொற்று கிடையாது.

ஒரு நரம்பியல் மருத்துவரையோ பொதுநல மருத்துவரையோ பாருங்கள். போகும்போது ஒரு நாட்குறிப்பு கொண்டுபோங்கள்: வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம், தூக்கம், மாதவிடாய் நாள், சாப்பிட்ட மாத்திரை. மைக்ரேனுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. வந்த வலியை நிறுத்த ஒரு வகை, வராமல் தடுக்க இன்னொரு வகை. அதுவரை ஒரு எச்சரிக்கை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து சாப்பிட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். இத்தனை வருஷம் வேறொரு நோய்க்கான மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு வலியையும் தாங்கியிருக்கிறீர்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இனி தாங்க வேண்டிய அவசியமில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை கட்டுக்குள் இல்லை. நாலு நாளாக மூக்கடைப்பு, தலைவலி. நேற்றிலிருந்து வலது கண் இமை வீங்கிச் சிவந்திருக்கிறது, கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்கிறார். சைனஸா, கண்கட்டியா?

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே ஆசிரியர் குழு மூலம் உங்களைத் தொலைபேசியில் பிடித்து, அப்பாவை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இங்கே பதில் எழுதுகிறேன்.

கண்ணுக்கும் அதன் பக்கத்துச் சைனஸுக்கும் நடுவில் இருக்கும் எலும்புச் சுவர் காகிதம் போல் மெல்லியது. தொற்று அதைத் தாண்டிக் கண்குழிக்குள் போனால் பார்வையே பறிபோகலாம், மூளை உறைக்கும் பரவலாம். கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது சிவப்பு, கண் பிதுங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது, நெற்றி உப்புவது, கழுத்து விறைப்பது, தாங்க முடியாத தலைவலி, பேச்சிலோ நினைவிலோ குழப்பம்: இவற்றில் எது வந்தாலும் நாள் எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கருப்புப் பூஞ்சை என்று நாம் கேள்விப்பட்ட மியூக்கர் தொற்று இவர்களைத்தான் தாக்கும். ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புத் திட்டு, பற்கள் திடீரென்று ஆடுவது எல்லாம் அதன் அடையாளம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கேள்வி: நாலு வயது மகளுக்கு மாதா மாதம் சளி. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. 'நெற்றிச் சைனஸில் கோத்திருக்கும், எக்ஸ்ரே எடுத்துப் பார்' என்று சொல்கிறார்கள். எடுக்கலாமா?

நாலு வயதுக் குழந்தைக்கு நெற்றிச் சைனஸ் இன்னும் வளரவே தொடங்கியிருக்காது, அல்லது மிகச் சிறியதாக இருக்கும். ஆறு, ஏழு வயதுவாக்கில்தான் அது படத்தில் தெரிகிற அளவுக்கு வரும், பதின்பருவக் கடைசி வரை வளரும். பிறக்கும்போதே இருப்பவை கன்னச் சைனஸும் கண்களுக்கு நடுவில் இருப்பதும்தான். எக்ஸ்ரே வேண்டாம்.

இந்த வயதில் வருஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு ஜலதோஷம் வருவது இயல்பு. மற்ற குழந்தைகளோடு பழகத் தொடங்கிய முதல் வருஷத்தில் இன்னும் கூடலாம். ஒவ்வொன்றும் பத்து நாள் என்று வைத்தால் வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் மூக்கு ஒழுகும் கணக்கு வந்துவிடும். ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன, குழந்தை ஒவ்வொன்றாகச் சந்தித்து எதிர்ப்பு சேர்த்துக்கொள்கிறது. நன்றாக விளையாடுகிறாள், எடை ஏறுகிறது, இரண்டு ஜலதோஷத்துக்கு நடுவில் சில நாளாவது மூக்கு சுத்தமாக இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். கடையில் கிடைக்கும் இருமல், சளி மருந்துக் கலவைகளை இந்த வயதில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. தினமும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள்.

குழந்தைகளுக்கு *ஒரே ஒரு* மூக்கிலிருந்து நாற்றத்தோடு சளி வந்தால் சைனஸைத் தேடாதீர்கள். உள்ளே ஏதோ பொருளைத் திணித்திருக்கிறார்கள் என்றே முதலில் நினையுங்கள். மணி, பஞ்சு, ரப்பர்த் துண்டு என்று எல்லாம் எடுத்திருக்கிறேன். அது பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரியாக இருந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டையாக்கிவிடும். அந்தச் சந்தேகம் வந்தால் வீட்டில் கிளறிப் பார்க்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: வலது மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி. இரண்டு மாதமாக மருந்து சாப்பிட்டும் போகவில்லை. எனக்கு வயது 45.

பல் மருத்துவரைப் பார்த்தீர்களா? மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னச் சைனஸின் தரையை ஒட்டி இருக்கின்றன. வேரில் சீழ் வைத்தால் அது மேலே போய்ச் சைனஸை நிரப்பும். பல்லில் வலி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இது பழங்காலம் தொட்டே தெரிந்த விஷயம். கன்னச் சைனஸை விவரித்து 1651-இல் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் நத்தேனியல் ஹைமோர், மேல்பல்லைப் பிடுங்கியதும் உள்ளிருந்த சீழ் வடிந்த ஒரு பெண்ணைப் பற்றிக் குறிப்பிடுகிறார். பல்லைச் சரிசெய்யாமல் எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் திரும்ப வரும். ஒரு பக்க அடைப்பும் ரத்தம் கலந்த சளியும் இருந்தால், பூஞ்சை உருண்டையோ கட்டியோ இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியிலும் (மெல்லிய குழாய்க் கேமராவால் மூக்குக்குள் பார்ப்பது) ஸ்கேனிலும் பார்க்க வேண்டும். இதை இன்னும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. விடாவிட்டால் தூங்கவே முடியவில்லை. என் சைனஸ் முற்றிவிட்டதா?

சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகைச் சொட்டுகள் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே வழிவிடும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும், நீங்கள் மறுபடி விடுவீர்கள், அது மறுபடி வீங்கும். இப்போது உங்களை அடைப்பது அந்தச் சொட்டுதான். முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் நிறுத்துங்கள், அது திறந்ததும் அடுத்ததை. ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே இந்தச் சமயத்தில் நன்றாகக் கைகொடுக்கும், மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் மீண்டுவிடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தச் சொட்டுகளை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்பிரே அடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பலரும் தவறாக அடிக்கிறார்கள். தலையை லேசாக முன்னால் சாய்த்து, இடது மூக்குக்கு வலது கையாலும் வலது மூக்குக்கு இடது கையாலும் பிடித்து, முனை நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கும்படி அடியுங்கள். மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

கேள்வி: உப்புநீரால் மூக்கைக் கழுவக் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும். குறைந்தது ஒரு நிமிடம் நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா தண்ணீரோடு மூக்குக்குள் போனால் மூளைக்கு ஏறி உயிரைப் பறிக்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011-இல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இப்படித்தான் இறந்தார்கள். இது அபூர்வம், ஆனால் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதும், முழுக்கத் தடுத்துவிடலாம்.

அயோடின் சேராத உப்பு மூன்று பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு என்று கலந்து மூடிவையுங்கள். 240 மில்லி வெதுவெதுப்பான நீருக்கு அந்தக் கலவை ஒரு தேக்கரண்டி. எரிந்தால் அடுத்த முறை கலவையைக் கொஞ்சம் குறையுங்கள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, மேல்பக்க மூக்கில் விட்டால் கீழ்ப்பக்கம் வழியாக வடியும். பாட்டிலை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள். கொதிநீர் ஆவி பிடிப்பதால் சிறிது நேரம் இதமாக இருக்கலாம், தொற்றை அது குறைப்பதில்லை. கொதிநீர் கொட்டி வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருப்பதால், பிள்ளைகளுக்கு அதை நான் ஒருபோதும் சொல்வதில்லை.

கேள்வி: காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகல், மூக்கும் கண்ணும் அரிப்பு. வாரக்கணக்கில் நீடிக்கிறது. காய்ச்சல் இல்லை.

அரிப்பு என்ற ஒரு வார்த்தையே போதும், இது ஒவ்வாமை. ஜலதோஷத்தில் கண் அரிப்பது அரிது, சைனஸ் தொற்றில் கிடையாது. தூக்கம் வரவழைக்காத ஒவ்வாமை மாத்திரை, ஸ்டீராய்டு ஸ்பிரே இரண்டும் நன்றாக வேலை செய்யும். ஸ்பிரேயின் முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும், இரண்டாம் நாளே 'பிரயோஜனமில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: நாலு மாதமாக மூக்கடைப்பு, வாசனையே தெரியவில்லை. வலி எதுவும் இல்லை. இதுவும் சைனஸ்தானா?

12 வாரத்தைத் தாண்டிவிட்டதால் நாள்பட்ட சைனஸ் அழற்சியை நினைக்க வேண்டும். வலி அதில் பல பேருக்கு இருக்காது, அடைப்பும் வாசனை இழப்பும்தான் பெரிதாகத் தெரியும். மூக்குக்குள் திராட்சைபோல் வழுவழுப்பான சதை வளர்ந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இது பெரும்பாலும் அழற்சி நோய். ஆன்டிபயாடிக்கைவிட உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். சி.டி. ஸ்கேன் தேவைப்படுவது இப்படி நீடிப்பவர்களுக்கும் கண், மூளைச் சிக்கல் சந்தேகம் உள்ளவர்களுக்கும்தான். ஐந்து நாள் ஜலதோஷத்துக்கு ஸ்கேன் எடுத்தால் 1994 ஆய்வில் வந்தது போல் ஏதாவது தெரியத்தான் செய்யும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வாசனை தெரியாமல் இருக்கும் வரை வீட்டில் எரிவாயுக் கசிவை யார் கண்டுபிடிப்பது என்று குடும்பத்தோடு பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு மாதத்துக்கு மேலாக மூக்கடைப்பு மட்டும். மருந்து எடுக்கப் பயம்.

கர்ப்ப காலத்தில் மூக்கின் உட்சவ்வு வீங்குவது பலருக்கும் நடப்பது. காய்ச்சல், கெட்டிச் சளி, முகவலி இல்லையென்றால் தொற்று என்று நினைக்க வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். உப்புநீர் பாதுகாப்பானது, தலைமாட்டை உயர்த்திப் படுங்கள். மாத்திரையோ சொட்டோ தேவைப்பட்டால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டு மட்டும்.

கேள்வி: மூக்கைப் பலமாகச் சிந்தினால் சைனஸுக்குச் சளி ஏறும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சிந்தும்போது மூக்குக்குள் அழுத்தம் எகிறுகிறது, சளி சைனஸ்களுக்குள் தள்ளப்படுவதை ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள். அதனால் மட்டும் தொற்று வரும் என்று சொல்லிவிட முடியாது, இருந்தாலும் அந்தப் பலம் தேவையில்லை. ஒரு பக்கத்தை விரலால் மூடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு, மறுபக்கத்தை மெதுவாகச் சிந்துங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஜலதோஷம் அந்தக் கை வழியாகவும் அடுத்தவருக்குப் போகும்.